பச்சை வாந்தி என்றால் ஏன் ஓட வேண்டும்? சின்னக் குழந்தைகளின் குடல் அடைப்பு பற்றி ஓர் எளிய விளக்கம்

பிறந்து சில நாட்களோ வாரங்களோ ஆன குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால், அடுத்த வேளைப் பால் கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. விடியட்டும் என்றும் இருக்கக் கூடாது. அப்போதே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். இந்தக் கட்டுரையில் வேறெதுவும் மனதில் நிற்காமல் போனாலும் இது நின்றால் போதும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் பச்சை, ஏன் இத்தனை அவசரம் என்பது குடல் வேலை செய்யும் விதம் தெரிந்தால் தானாகப் புரியும்.

குடலுக்குள் இருப்பது கீழே நகர முடியாமல் ஓரிடத்தில் நின்றுவிடுவதுதான் குடல் அடைப்பு. ஆனால் குடலை வெறும் குழாய் என்று நினைத்தால் இதிலுள்ள ஆபத்து பாதிதான் தெரியும். நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் நீளம் சுமார் 50 சென்டிமீட்டர். அதன் சிறுகுடல் மட்டும் 2 மீட்டருக்கு மேல். அந்த நீளம் முழுக்கச் சுவரில் தசை இருக்கிறது. அது அலை அலையாகச் சுருங்கி, உள்ளிருப்பதைத் தள்ளிக்கொண்டே போகிறது. உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணையநீர், குடலே சுரக்கும் நீர் என்று எல்லாம் மேல்பகுதியில் வந்து கொட்டுகின்றன. கீழே போகப்போகக் குடல் அதில் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சி ரத்தத்துக்கே அனுப்பிவிடுகிறது. நாள் முழுக்க நடக்கும் கொடுக்கல் வாங்கல் இது.

நடுவில் வழி அடைபட்டால் கொட்டுவது கொட்டிக்கொண்டே இருக்கும், திரும்ப உறிஞ்சுவது நடக்காது. எதுவும் சாப்பிடாத குழந்தைகூட வாந்தி எடுத்துக்கொண்டே இருப்பது இதனால்தான். அழும்போது விழுங்கும் காற்றும் சேர்ந்துகொள்ள வயிறு உப்புகிறது. குடலுக்குள் தேங்கிய நீர் வயிற்றுக்குள்ளேயே இருந்தாலும் ரத்தத்துக்குப் பயன்படாது; அது உடம்பை விட்டுப் போன நீர் மாதிரிதான். அதோடு சோடியம், பொட்டாசியம் போன்ற உப்புகளும் போய்விடுகின்றன. அதனால் வெளியே வந்த வாந்தியை மட்டும் பார்த்து, "அப்படி ஒன்றும் நிறையப் போகவில்லையே" என்று ஆறுதல் அடைய முடியாது. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே தேங்கியது அதைவிட அதிகமாக இருக்கலாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து ரத்த ஓட்டத்தில் இருக்கிறது. குடல் உப்பினாலோ, முறுக்கிக்கொண்டாலோ, ஓர் இடுக்கில் மாட்டிக்கொண்டாலோ, முதலில் நசுங்குவது மெல்லிய சுவர் கொண்ட சிரைகள். ரத்தத்தைக் கொண்டுவரும் தமனி வேலை செய்கிறது, திருப்பி எடுத்துப் போகும் வழி அடைந்துவிட்டது. குடல் வீங்குகிறது, உட்புறம் கசிகிறது. வீக்கம் கூடக்கூடத் தமனியும் நின்றுவிடுகிறது. ரத்தம் கிடைக்காத குடல் சில மணி நேரத்தில் சாகத் தொடங்கும்; உள்ளே இருக்கும் கிருமிகள் ரத்தத்தில் கலக்கும், குடல் ஓட்டையாகும்.

சாப்பாடு கீழே போகாமல் இருப்பதை, டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தால், ஒரு குழந்தை சில நாட்கள்கூடத் தாங்கிவிடும். குடலுக்கு ரத்தம் போகாமல் இருப்பதை அரை நாள்கூடத் தாங்காது. மருத்துவர்கள் ஒரு குழந்தையை அரை மணி நேரத்தில் ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டு போவார்கள். பக்கத்துக் கட்டிலில் அதே "குடல் அடைப்பு" என்று எழுதிய இன்னொரு குழந்தையை இரண்டு நாள் கவனித்துக்கொண்டு இருப்பார்கள். பெற்றோருக்கு இது குழப்பமாகவும் சில சமயம் கோபமாகவும் இருக்கும். மருத்துவர்கள் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, இந்தக் குடலுக்கு ரத்தம் போகிறதா என்பது. பதிலைப் பொறுத்து அவசரம் மாறுகிறது.

நிறம் என்ன சொல்கிறது

இரைப்பையைத் தாண்டியதும் வரும் சிறுகுடலின் முதல் துண்டில்தான் பித்தக் குழாய் வந்து திறக்கிறது. அந்த இடத்துக்கு மேலே வழி அடைபட்டால் வாந்தியில் பித்தம் கலக்க வழியில்லை. வெள்ளையாகவோ திரிந்த பாலாகவோ வரும். அதற்குக் கீழே அடைபட்டால் பித்தம் மேலே ஏறிப் பச்சையாக வரும். ஆகவே பச்சை நிறம், "பித்தக் குழாய்க்குக் கீழே எங்கோ வழி நின்றிருக்கலாம்" என்ற செய்தி. பச்சை வாந்தி எடுக்கும் எல்லாப் பச்சிளம் குழந்தைகளுக்கும் அடைப்பு இருப்பதில்லை. கிருமித் தொற்றிலும் இப்படி வரலாம். பெரிய குழந்தைகள் வயிற்றுப்போக்கில் பலமுறை வாந்தி எடுத்து இரைப்பை காலியான பிறகு பித்தமாக எடுப்பதும் உண்டு. ஆனால் பச்சிளம் குழந்தையில் மட்டும், குடல் முறுக்கு இல்லை என்று நிரூபித்த பிறகே மற்றதை யோசிக்க வேண்டும் என்பது உலகெங்கும் குழந்தை அறுவை மருத்துவர்கள் பின்பற்றும் விதி.

ஒரு சின்ன விஷயம் இங்கே உதவும். "மஞ்சள்", "பச்சை", "பித்தம்" என்று ஒவ்வொருவர் சொல்வதும் ஒவ்வொரு நிறமாக இருக்கிறது. சீம்பால் குடித்த குழந்தை வெளிர் மஞ்சளாகக் கக்கலாம், அதையும் சிலர் பித்தம் என்பார்கள். உண்மையில் கரும்பச்சையாக எடுத்ததைச் சிலர் மஞ்சள் என்பார்கள். வாந்தி பட்ட துணியைத் துவைக்காமல் எடுத்துப் போங்கள், அல்லது வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பத்து வாக்கியம் சொல்லாததை அது சொல்லும்.

அடைப்பு மேலே இருந்தால் வாந்தி சீக்கிரமே தொடங்கும், வயிறு அவ்வளவாக உப்பாது. கீழே இருந்தால் முதலில் வயிறு உப்பும், வாந்தி பின்னால் வரும். "காலையில் மலம் போனதே, அப்புறம் எப்படி அடைப்பு?" என்ற கேள்வியும் அடிக்கடி வரும். அடைப்புக்குக் கீழே ஏற்கெனவே இருந்த மலம் வெளியே வந்துவிடலாம். அதை வைத்து அடைப்பு இல்லை என்று சொல்ல முடியாது.

பிறந்த குழந்தையின் குடல்

குடல் முறுக்கு எப்படி வருகிறது என்பதற்குக் கருவில் நடக்கும் ஒரு விசித்திரமான பயணத்தைச் சொல்ல வேண்டும். கரு வளரும் ஆறாவது வாரத்தில் குடலுக்கு வயிற்றில் இடம் போதாது. அது தொப்புள் கொடிக்குள் வெளியே போய், அங்கேயே வளர்ந்து, பத்தாவது வாரம் அளவில் வயிற்றுக்குள் திரும்புகிறது. போய்த் திரும்பும் வழியில் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் மொத்தம் 270 டிகிரி சுழன்று, பின்சுவரில் அகலமாக ஒட்டிக்கொள்கிறது. இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலை வரை விரித்த விசிறி போல அந்தப் பிடிப்பு இருக்கும். விசிறியின் அடி அகலமாக இருக்கும் வரை குடல் முறுக்கிக்கொள்ள முடியாது.

சில குழந்தைகளுக்கு இந்தச் சுழற்சி பாதியில் நின்றுவிடுகிறது. அப்போது அடிப்பிடிப்பு ஒரு குறுகிய காம்பு போல ஆகிவிடும். சிறுகுடலுக்கு ரத்தம் தரும் முக்கியத் தமனி அந்தக் காம்புக்குள்தான் ஓடுகிறது. கொத்தோடு தொங்கும் பழம் காம்பைச் சுற்றித் திருகிக்கொள்வது மாதிரி, ஒருநாள் மொத்தக் குடலும் அதைச் சுற்றி முறுக்கிக்கொண்டால் சிறுகுடல் கிட்டத்தட்ட முழுவதற்கும், பெருங்குடலின் ஒரு பகுதிக்கும் ஒரே நேரத்தில் ரத்தம் நிற்கிறது. பச்சை வாந்திக்கு ஓட வேண்டும் என்று முதல் வரியிலேயே சொன்னது இதற்காகத்தான்.

இதில் ஏமாற்றும் விஷயம், தொடக்கத்தில் குழந்தை நன்றாகவே தெரியலாம். வயிறு மெத்தென்று இருக்கும், சாதாரண எக்ஸ்ரேயும் சரியாக இருக்கலாம். வயிறு உப்பி, மலத்தில் ரத்தம் வந்து, குழந்தை வெளுத்துப் போகும்போது நேரம் ஏற்கெனவே கடந்திருக்கும். எனவே எக்ஸ்ரே சரியாக இருந்தால் போதாது. எக்ஸ்ரேயில் தெரியும் திரவத்தை இரைப்பைக்குள் செலுத்தி, அது குடலில் எந்த வழியாகப் போகிறது என்று படம் எடுப்பார்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் ரத்தக் குழாய்கள் சுழல் போலச் சுற்றியிருப்பதும் தெரியும். குழந்தையின் நிலை மோசமாக இருந்தால் எந்தப் படத்துக்கும் காத்திருக்காமல் நேராக அறுவை சிகிச்சைக்குப் போவார்கள். அதுவே சரி.

பாஸ்டன் நகரத்தின் குழந்தை அறுவை மருத்துவர் வில்லியம் லாட் 1936-இல் விவரித்த முறையைத்தான் இன்றும் செய்கிறார்கள். குடல் பெரும்பாலும் கடிகார முள் போகும் திசையில் முறுக்கியிருக்கும். அதை எதிர்த் திசையில் பிரித்துவிடுவார்கள். குடலை அழுத்திக்கொண்டிருக்கும் பட்டைகளை வெட்டி, குறுகிய காம்பை அகலமாக்குவார்கள். பிறகு சிறுகுடலை வயிற்றின் வலப் பக்கமும் பெருங்குடலை இடப் பக்கமும் வைத்துவிடுவார்கள். இயல்பான இடத்துக்குத் திருப்பி வைக்க முயல்வதில்லை. குடலின் ஒரு பகுதி கறுத்துப் போயிருந்தால் வெதுவெதுப்பான உப்பு நீரில் நனைத்த துணியால் மூடிக் காத்திருந்து, நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். சந்தேகமாக இருந்தால் ஒன்றிரண்டு நாளில் மீண்டும் திறந்து பார்க்கலாம். குடலின் ஒவ்வொரு சென்டிமீட்டரையும் காப்பாற்றப் போராடுவது வீண் பிடிவாதம் இல்லை. மிகக் குறைந்த நீளமே மிஞ்சினால் குழந்தை மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், சிரை வழியாக ஏற்றும் ஊட்டச்சத்தில் வாழ வேண்டியிருக்கும்.

குடல் ஓரிடத்தில் முழுமையாக உருவாகாமல் துண்டிக்கப்பட்டிருப்பதும் உண்டு. சிறுகுடலின் தொடக்கத்திலேயே இப்படி இருந்தால் எக்ஸ்ரேயில் இரண்டு காற்றுக் குமிழிகள் அருகருகே தெரியும். இந்தக் குழந்தைகளில் கணிசமானவர்களுக்கு டவுன் சிண்ட்ரோமும் இருக்கும். இன்னும் கீழே இருக்கும் துண்டிப்புகள் கருவில் குடலின் ஒரு பகுதிக்கு ரத்தம் தடைபட்டதால் வருகின்றன. 1955-இல் தென்னாப்பிரிக்காவில் லூ, பார்னார்டு என்ற இரு அறுவை மருத்துவர்கள் நாய்களின் கருவில் அந்த ரத்தக் குழாய்களைக் கட்டிப் பார்த்து இதை நிறுவினார்கள். அந்தப் பார்னார்டுதான் 1967-இல் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவை சிகிச்சையைச் செய்தவர். அதற்கு முன்பே அவர் பச்சிளம் குழந்தைகளின் குடல் நோயை ஆராய்ந்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

இன்னொரு வகையில் குழாய் முழுமையாக இருக்கும், நரம்பு இருக்காது. பெருங்குடலின் கடைசிப் பகுதியில் தசையை இயக்கும் நரம்பணுக்கள் வந்து சேராமல் போனால் அந்தத் துண்டு எப்போதும் இறுகியே இருக்கும். இதற்கு ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் என்று பெயர். ஏறத்தாழ 5,000 குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது, ஆண் குழந்தைகளுக்கே அதிகம். நிறைமாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் பிறந்த 24 மணி நேரத்துக்குள் கரும்பச்சையான முதல் மலத்தைக் கழித்துவிடுவார்கள். 48 மணி நேரம் ஆகியும் கழிக்காவிட்டால் இந்த நோயை நினைக்க வேண்டும். மலக்குடலிலிருந்து ஒரு துளி திசு எடுத்துப் பரிசோதித்தால் உறுதியாகும். இங்கே ரத்த ஓட்டத்துக்கு உடனடி ஆபத்து இல்லாததால், உப்பு நீரால் குடலைக் கழுவி வயிற்றை இறக்கிவிட்டு, பிறகு திட்டமிட்டு நரம்பில்லாத பகுதியை அகற்றி நல்ல குடலை ஆசனவாய்க்கு இழுத்து இணைப்பார்கள். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இந்தக் குழந்தைக்குக் காய்ச்சல், வயிறு உப்பல், நாற்றத்தோடு பீச்சியடிக்கும் வயிற்றுப்போக்கு மூன்றும் சேர்ந்து வந்தால் சாதாரண வயிற்றுப்போக்கு என்று விட்டுவிடக் கூடாது. அது உயிருக்கு ஆபத்தான குடல் அழற்சி. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் வரலாம்.

இவை தவிர, ஆசனவாய் திறக்காமலே பிறக்கும் குழந்தைகள் உண்டு. பிறந்ததும் ஒருமுறை பார்த்தாலே தெரிந்துவிடும், பார்க்காமல் விடுவதுதான் பிரச்சினை. மூன்று முதல் ஆறு வார வயதில், பால் குடித்ததும் தூரத்தில் போய் விழும்படி வெள்ளையாக வாந்தி எடுத்து, எடுத்த உடனே மறுபடி பசித்து அழும் குழந்தைக்கு இரைப்பையின் வாசல் தசை தடித்திருக்கலாம். குடலுக்கு மேலே இருப்பதால் பச்சை கலக்காது. இதிலும் ஆபரேஷனைவிட முதலில் உப்புகளைச் சரிசெய்வதே முக்கியம். அதற்கு ஓரிரு நாள் எடுத்துக்கொள்வது தாமதம் ஆகாது.

குடல் செருகல்

சுமார் மூன்று மாதத்திலிருந்து மூன்று வயது வரை உள்ள குழந்தைகளில் குடல் அடைப்புக்கு முக்கியமான காரணம் குடல் செருகல். ஐந்திலிருந்து ஒன்பது மாதக் குழந்தைகளிடம் மிக அதிகம். சட்டைக் கையைக் கழற்றும்போது ஒரு பகுதி இன்னொன்றுக்குள் மடிந்து போகிறதல்லவா, அப்படிக் குடலின் மேல்பகுதி அதற்கு அடுத்த பகுதிக்குள் நுழைந்துவிடுகிறது. பெரும்பாலும் சிறுகுடலின் முடிவு பெருங்குடலின் தொடக்கத்துக்குள் போகும். உள்ளே போன குடல் தன் ரத்தக் குழாய்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவதால் அவை நசுங்குகின்றன. ஆக இதிலும் நேரத்தைக் கணக்கிடுவது ரத்தம்தான்.

பத்தில் ஒன்பது குழந்தைகளுக்குக் குறிப்பான காரணம் எதுவும் கிடைக்காது. சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்து போன பிறகு இது வருவது உண்டு. சிறுகுடலின் கடைசிப் பகுதிச் சுவரில் நிணநீர்த் திசு நிறைய இருக்கிறது. வைரஸ் தொற்றில் அது வீங்கி முன்தள்ள, குடலின் அலை அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது என்று கருதுகிறார்கள். குழந்தை தவறி விழுந்ததாலோ, நீங்கள் தூக்கிப் போட்டு விளையாடியதாலோ, எதையாவது ஊட்டியதாலோ வருவதில்லை. தாய்மார்கள் இதை நினைத்துத் தங்களையே குற்றம் சொல்லிக்கொள்வதைக் கேட்க வேதனையாக இருக்கிறது. மூன்று நான்கு வயதைத் தாண்டிய குழந்தைக்கு வந்தால் மட்டும் உள்ளே ஒரு சதை வளர்ச்சியோ (பாலிப்), பிறவியிலேயே இருக்கும் சிறு பையோ, அரிதாக நிணநீர்ப் புற்றோ இருக்கிறதா என்று தேடுவார்கள்.

ரோட்டா வைரஸ் தடுப்பூசி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதலில் வந்த ஒரு தடுப்பு மருந்தை, குடல் செருகல் சற்று அதிகமாகத் தெரிந்ததால் 1999-இல் அமெரிக்காவில் திரும்பப் பெற்றார்கள். இப்போது பயன்படும் மருந்துகளில் சிலவற்றுக்கு மிகச் சிறிய அபாயம் இருக்கிறது. பல்லாயிரம் குழந்தைகளில் ஒருவருக்கு, பெரும்பாலும் முதல் தவணைக்குப் பிந்தைய வாரத்தில். ரோட்டா வயிற்றுப்போக்கு பறிக்கும் உயிர்களோடு ஒப்பிட்டால் தடுப்பு மருந்தைக் கொடுப்பதே சரி. கொடுத்த வாரத்தில் கீழே சொல்லும் அறிகுறிகளைக் கவனித்தால் போதும்.

அழுகையில்தான் இதன் அடையாளம் இருக்கிறது. நன்றாக இருந்த குழந்தை திடீரென்று வீறிட்டு அழும், கால்களை வயிற்றோடு மடக்கும், முகம் வெளிறும். ஒன்றிரண்டு நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடும், சிரிக்கக்கூடச் சிரிக்கும். பதினைந்து இருபது நிமிடம் கழித்து மறுபடி அதே அழுகை. இடைவெளியில் நன்றாக இருப்பதால் "வாயு" என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பிறகு வாந்தி வரும், முதலில் பாலாக, பின்னர் பச்சையாக. நேரம் போகப்போக அழுகை குறையும், குழந்தை துவண்டு தூங்கி வழியும். இந்த அமைதியைக் குணமாகிறது என்று எடுத்துக்கொள்வதுதான் வீட்டில் நடக்கும் மிகப் பெரிய தவறு என்று நான் நினைக்கிறேன். சில குழந்தைகளுக்கு அழுகையே இல்லாமல் இந்தத் துவளல் மட்டும் வரும். மூளைக் காய்ச்சலோ என்று மருத்துவர்களே முதலில் சந்தேகிப்பது உண்டு.

ரத்தமும் சளியும் கலந்து சிவப்பு ஜெல்லி மாதிரி மலம் போவதைப் பாடநூல்கள் சிறப்பாகச் சொல்லும். அது தாமதமாக வரும் அறிகுறி. வலி, ரத்த மலம், வயிற்றில் தொட்டால் தெரியும் நீளக் கட்டி மூன்றும் ஒன்றாக இருக்கும் குழந்தைகள் சிறுபான்மையினர்தான். மூன்றும் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் இதை ஏறக்குறையத் தவறாமல் கண்டுபிடித்துவிடும்: குறுக்குவெட்டில் வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும். ஸ்கேனில் சிறுகுடலுக்குள் சிறுகுடல் சிறிதளவு நுழைந்திருப்பது தற்செயலாகத் தெரிந்தால், அது பெரும்பாலும் தானாகவே பிரிந்துவிடும்; அதற்குச் சிகிச்சை வேண்டாம்.

சிகிச்சை இன்று பெரும்பாலும் கத்தி இல்லாமல் முடிகிறது. 1871-இல் லண்டனில் ஜோனதன் ஹட்சின்சன் ஒரு சின்னப் பெண் குழந்தையை அறுவை சிகிச்சை செய்து காப்பாற்றியது அந்தக் காலத்தில் பெரிய சாதனை. சில ஆண்டுகளிலேயே, 1876-இல், கோபன்ஹேகனில் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ரங் ஆசனவாய் வழியாக நீரை அழுத்தத்தோடு செலுத்திச் செருகிய குடலைப் பின்னுக்குத் தள்ளும் முறையை விவரித்தார். மேலே சொன்ன நரம்பில்லாக் குடல் நோய்க்குப் பெயர் தந்த அதே மருத்துவர். இப்போது எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டு காற்றையோ, ஸ்கேன் பார்த்துக்கொண்டு உப்பு நீரையோ செலுத்துகிறார்கள். காற்றழுத்தம் 120 மில்லிமீட்டர் பாதரச அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். செருகிய முனை மெல்லப் பின்வாங்கி, காற்று சிறுகுடலுக்குள் பரவினால் வேலை முடிந்தது. சீனாவில் 13 ஆண்டுகளில் 6,396 செருகல்களுக்கு இப்படிக் காற்றுச் சிகிச்சை செய்த அனுபவத்தை 1986-இல் வெளியிட்டபோது உலகமே இதைத் திரும்பிப் பார்த்தது. நல்ல வசதியுள்ள இடங்களில் பத்தில் எட்டு ஒன்பது குழந்தைகளுக்கு இதுவே போதும். முதல் முறை பாதி தூரம் வந்து நின்றால், குழந்தை நன்றாக இருக்கும்பட்சத்தில் சற்று நேரம் விட்டு மீண்டும் முயல்வார்கள்.

குடல் ஓட்டையாகியிருந்தாலோ, வயிறு முழுக்கத் தொற்று பரவியிருந்தாலோ, இப்படிக் காற்றையோ நீரையோ செலுத்தும் எனிமா செய்யவே கூடாது, அறுவை சிகிச்சைதான். எனிமாவிலேயே குடல் ஓட்டையாகும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. இருந்தாலும் அதற்காகவே அறுவை மருத்துவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அறுவை சிகிச்சையில் செருகிய குடலை மேலிருந்து பிடித்து இழுக்க மாட்டார்கள், கிழிந்துவிடும். கீழிருந்து பிதுக்கிப் பிதுக்கித் தள்ளுவார்கள். கறுத்த பகுதி இருந்தால் அதை வெட்டி எடுத்து இரு முனைகளையும் தைப்பார்கள்.

வேறு காரணங்கள்

தொடை இடுக்கில் புடைத்து, அழுதால் பெரிதாகும் குடலிறக்கம் பல குழந்தைகளுக்கு இருக்கும், குறிப்பாகக் குறைமாதக் குழந்தைகளுக்கு. அது உள்ளே போகாமல் இறுகி, தொட்டால் குழந்தை அலறினால், குடல் அங்கே மாட்டிக்கொண்டது என்று பொருள். வலி மருந்து கொடுத்து மருத்துவர் மெதுவாக உள்ளே தள்ளிவிட்டால், வீக்கம் வடிய ஓரிரு நாள் விட்டு அறுவை சிகிச்சை செய்வார்கள். தள்ள முடியாவிட்டால் உடனே. டயப்பரைக் கழற்றிப் பார்க்காமல் வாந்திக்கு மருந்து எழுதிவிட்டால் இது கண்ணில் படாது. நீங்களே கழற்றிக் காட்டுங்கள்.

முன்பு வயிற்றில் ஆபரேஷன் நடந்த குழந்தைக்கு உள்ளே தழும்பு இழைகள் ஒட்டிக்கொண்டு, பல மாதமோ வருடமோ கழித்தும் அடைப்பு வரலாம். நிறைய உருண்டைப் புழுக்கள் சிக்கிப் பந்தாகி அடைப்பதும் உண்டு. அது பெரும்பாலும் அறுவை சிகிச்சை இல்லாமலே சரியாகும், ஆனால் அடைப்பு இருக்கும்போது வீட்டில் பூச்சி மருந்து கொடுத்துவிடக் கூடாது.

விழுங்கிய பொருள்களில் என்னை மிகவும் பயமுறுத்துவது சின்னக் காந்த உருண்டைகள். ஒன்று மட்டும் போனால் ஆபத்து குறைவு. இரண்டு போனால், குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தபடி ஒன்றையொன்று இழுத்து, நடுவில் மாட்டிய குடல் சுவரை அரித்து ஓட்டையாக்கிவிடும். நீரில் ஊறிப் பெருக்கும் வண்ண மணிகள் இன்னொரு ஆபத்து: விழுங்கும்போது சிறிதாக இருக்கும், உள்ளே போய்ப் பல மடங்கு பெருக்கும், எக்ஸ்ரேயிலும் தெரியாது. எதை விழுங்கியது என்று தெரிந்தால் அதே மாதிரி ஒன்றை எடுத்துப் போங்கள்.

எதுவும் அடைக்காமலே குடல் தன் வேலையை நிறுத்திவிடுவதும் உண்டு. கடுமையான தொற்றிலும், பொட்டாசியம் குறையும்போதும் குடல் அலை நின்று வயிறு உப்பும். பெரியவர்களுக்கு வயிற்றுப்போக்கை நிறுத்தத் தரும் லோபராமைடு மாதிரி மருந்தைச் சின்னக் குழந்தைக்குக் கொடுத்தாலும் இப்படி ஆகலாம். இதற்கு ஆபரேஷன் வேண்டாம், காரணத்தைச் சரிசெய்தால் குடல் மீண்டும் அசையும்.

மருத்துவமனையில்

எந்தக் காரணமாக இருந்தாலும் முதல் ஒரு மணி நேரம் ஒரே மாதிரிதான் நடக்கும். வாய் வழியாக எதுவும் கிடையாது. மூக்கு வழியாக இரைப்பைக்கு ஒரு குழாய் போடுவார்கள். குழந்தை திமிறி அழுவதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் தேங்கிய நீரும் காற்றும் அதன் வழியே வெளியேறினால் வாந்தி நிற்கும், வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து குறையும், குடல் சுவரின் அழுத்தமும் குறையும். சிரையில் டிரிப்ஸ் ஏறும். ரத்த ஓட்டம் தளர்ந்திருந்தால் முதலில் ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 20 மில்லி உப்பு நீரை வேகமாக ஏற்றுவார்கள். 7 கிலோ குழந்தைக்கு 70 முதல் 140 மில்லி. நாடித்துடிப்பும் சிறுநீரும் எப்படி மாறுகின்றன என்று பார்த்து, தேவையானால் மீண்டும். உப்புகளைச் சரிசெய்யாமல் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து என்பதால், முறுக்கு போன்ற உச்ச அவசரத்தைத் தவிர மற்றதில் இதற்கு நேரம் ஒதுக்குவார்கள். வலி மருந்து கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்ற பழைய பயம் தேவையில்லை. குழந்தைக்கு வலி இருந்தால் வலி மருந்து தரச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டிலிருந்து கிளம்பும்போது பால், தண்ணீர், பேதி மருந்து, எனிமா எதுவும் வேண்டாம். அடைப்புக்கு மேலே இன்னும் நீரைச் சேர்க்கவும், இறுகிய குடலை இன்னும் பிசையவும்தான் அவை உதவும். கடைசியாக எப்போது பால் குடித்தது, எப்போது சிறுநீர் போனது, வாந்தி எந்த நேரத்தில் எந்த நிறத்தில் வந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சைக்குப் பிறகு

எனிமாவில் பிரிந்த குடல் செருகல் ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தைக்குத் திரும்ப வரும், அதில் ஒரு பகுதி முதல் இரண்டு நாளிலேயே. வந்தால் மறுபடியும் எனிமாவே பலனளிக்கும். விட்டு விட்டு வரும் அதே அழுகையை இரண்டாம் முறை பார்க்கும் பெற்றோருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்காது, நேராகக் கிளம்பிவிடுங்கள். வயிற்றைத் திறந்து செய்த ஆபரேஷன் என்றால் குடல் மறுபடி அசையச் சில நாள் ஆகும். குழாயில் பச்சை நீர் குறைவது, காற்று பிரிவது, மலம் போவது என்ற வரிசையில் அதைக் கவனித்துவிட்டுத்தான் சொட்டுச் சொட்டாகப் பால் தொடங்குவார்கள். தாய் இடைப்பட்ட நாட்களில் பாலைப் பீய்ச்சிச் சேமித்து வைத்தால் அந்த முதல் சொட்டுகளுக்கு அதுவே உதவும்.

குடல் முறுக்குக்கு ஆபரேஷன் ஆன குழந்தையின் பெற்றோர் டிஸ்சார்ஜ் தாளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அந்தக் குழந்தையின் பெருங்குடல் இனி இடப் பக்கத்தில் இருக்கும், குடல்வாலும் பெரும்பாலும் அந்த ஆபரேஷனிலேயே எடுக்கப்பட்டிருக்கும். இருபது வருடம் கழித்து வயிற்று வலியோடு எங்கேயோ ஒரு மருத்துவரிடம் போகும்போது, இதைச் சொல்ல அந்த ஒரு தாள்தான் இருக்கும்.